வார்டு போனுக்கு யார் லஸ்கர்?

இரவு 8 மணி, டியூட்டி மாறும் நேரம். டெல்டாவில் ஏதோ ஒரு தாலுகா மருத்துவமனையின் பிரசவ வார்டு என்று வைத்துக்கொள்வோம். மதிய டியூட்டி சிஸ்டர் கேஸ் ஷீட்டுகளைப் புரட்டியபடி ‘ஓவர்’ கொடுக்கிறார். மூன்றாம் பெட்டுக்கு பி.பி. ஏறிக்கொண்டிருக்கிறது, ஏழாம் பெட்டுக்கு ட்ரிப்ஸ் மாற்ற வேண்டும், ஆக்ஸிடோசின் ஆம்ப்யூல் கணக்கு சரி. கடைசியில் மேசை டிராயரைத் திறந்து ஒரு போனை எடுத்து ரிஜிஸ்டர் மேல் வைக்கிறார். அதன் முதுகில் பிளாஸ்திரி ஒட்டி, பால்பாயின்ட் பேனாவால் நான்கு இலக்கம் எழுதியிருக்கிறது. சார்ஜ் 9 சதவீதம்.

“சார்ஜர் எங்கக்கா?”

“காலையிலேருந்தே காணோம்மா. செக்யூரிட்டிகிட்ட கேட்டுப் பாரு.”

ஆம்ப்யூலை எண்ணி ஒப்படைத்தாயிற்று. ஆக்சிஜன் சிலிண்டரின் முள் எங்கே நிற்கிறது என்று இருவரும் சேர்ந்து பார்த்தாயிற்று. போனை மட்டும் யாரும் யாரிடமும் ஒப்படைக்கவில்லை. கைமாறியது, அவ்வளவுதான்.

காட்சி கற்பனை. ஆனால் வார்டில் ஒரு வாரம் நைட் டியூட்டி பார்த்தவர்கள் இதில் பெரிய திருத்தம் எதுவும் சொல்லமாட்டார்கள்.

போன் மருத்துவமனைக்குள் வந்ததைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. அது எத்தனை பேர் கையில் சுற்றுகிறது, சுற்றும்போது யார் பொறுப்பு என்பதைத்தான் பேசவில்லை. பேச வேண்டிய காரணங்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடிவருகின்றன. கர்ப்பிணிகளைப் பதிவுசெய்யும் ‘பிக்மி’ 2008-இல் தொடங்கியது. இன்று அதன் 12 இலக்க ஆர்.சி.ஹெச். எண் கையில் இல்லாவிட்டால் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி நகராது, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கும் இழுபறிதான். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுத் திண்ணையில் பார்க்கும் பி.பி.யையும் சர்க்கரையையும் செயலியில் ஏற்றுகிறது. 2022-இல் வந்த ‘காசநோய் இறப்பில்லாத் திட்ட’த்தில், நோயாளியின் எடை-உயர விகிதம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, கால் வீக்கம், துணையின்றி எழுந்து நிற்க முடிகிறதா ஆகிய ஐந்தையும் பார்த்து, உடனே அட்மிஷன் போட வேண்டுமா என்று முடிவெடுக்கிறார்கள். அந்த விவரமும் இணையத்தில் ஏறியாக வேண்டும்.

இவற்றுக்கு மேல் எந்தச் சுற்றறிக்கையும் பெரிதாகக் கண்டுகொள்ளாத ஒன்று இருக்கிறது: வாட்ஸ்அப். ஒரு கர்ப்பிணியை அவசர மகப்பேறு சிகிச்சைக்கான ‘சீமாங்’ மையத்துக்கு அனுப்புகிறார்கள் என்றால், 108 வண்டி தஞ்சாவூர் எல்லையைத் தொடுவதற்கு முன்பே அவருடைய ஸ்கேன் ரிப்போர்ட்டின் படம் ஏதோ ஒரு குரூப்பில் விழுந்திருக்கும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. தகவல் முந்திப் போனால் உயிர் பிழைக்கும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே கணக்கு உண்டு. 2012 முதல் 2014 வரை நான்கு மைய மருத்துவமனைகளைச் சுற்றி மாரடைப்பு நோயாளிகளுக்காக ஒரு திட்டம் நடந்தது. சின்ன ஆஸ்பத்திரியில் எடுத்த ஈ.சி.ஜி.யை அங்கிருந்தே மைய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். யாரை எங்கே கொண்டுபோவது என்பதையும் முன்பே வகுத்திருந்தார்கள். ஓராண்டுக்குள் இறந்தவர்களின் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. 2017-இல் ‘ஜாமா கார்டியாலஜி’ ஆய்விதழ் இதை வெளியிட்டது. ஆக, படம் அனுப்புவதில் தப்பில்லை. யாருடைய போனிலிருந்து போகிறது, அனுப்பிய பிறகு அது எங்கே தங்குகிறது என்பதில்தான் சிக்கல். சிஸ்டரின் சொந்தப் போனில் எடுத்த புண்ணின் படம், அவர் மகளின் பிறந்தநாள் படங்களுக்கு நடுவே கேலரியில் உட்கார்ந்திருக்கும். போனைப் பழுதுபார்க்கக் கொடுத்தால் கடைக்காரரும் பார்ப்பார்.

சொந்தப் போன் வேண்டாம் என்றால் வார்டுக்குப் பொதுப் போன் வேண்டும். பொதுப் போன் வந்ததும் முதலில் எழும் கேள்வி, அதில் இருக்கும் பதிவை எழுதியது யார் என்பது.

டெல்டாவில் இந்தக் கேள்விக்கு வெகுகாலமாகவே ஒரு பதில் உண்டு, தண்ணீர் விஷயத்தில். வெண்ணாற்றிலிருந்தோ குடமுருட்டியிலிருந்தோ பிரியும் வாய்க்காலின் தலைப்பில் ஷட்டர் இருக்கும். அதைத் தூக்கி இறக்கும் சாவி, பாசன ஊழியரான லஸ்கரிடம் இருக்கும். தண்ணீர் தட்டுப்பாடான வருஷத்தில் முறை வைத்து விடும்போது, எந்த ஊர் முறை எப்போது முடிகிறது, அடுத்து யாருக்கு என்பது எல்லோருக்கும் தெரியும். நடுராத்திரியில் யாராவது ஷட்டரை அரையடி தூக்கிவிட்டால் விடிந்ததும் டீக்கடையில் பெயர் அடிபடும். வாய்க்கால் பொதுச் சொத்து, ஆனால் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு பெயர் உண்டு. முறை நடப்பது தண்ணீர் நிறைய ஓடுவதால் அல்ல, இந்தப் பெயரால்தான்.

வார்டு போனில் அந்தப் பெயர் இல்லை. காலையில் ஒருவர், மதியம் ஒருவர், இரவில் ஒருவர், நடுவே ஹவுஸ் சர்ஜன்கள் நாலு பேர் என்று எல்லோரும் பிளாஸ்திரியில் இருக்கும் அதே நான்கு இலக்கத்தைத் தட்டி, அதே ஒரே யூசர் பெயரில்தான் நுழைகிறார்கள். இரவு 11.40-க்கு மூன்றாம் பெட்டின் பி.பி. 160/110 என்று பதிவாகியிருக்கிறது. பார்த்தது யார்? யாரிடம் சொன்னார்? செயலிக்குத் தெரிந்ததெல்லாம் ‘வார்டு-2’ என்ற ஆசாமி மட்டும். தமிழகத்தில் ஒவ்வொரு தாய் இறப்பையும் மாவட்ட ஆட்சியர் அளவில் தணிக்கை செய்யும் வழக்கம் பல ஆண்டுகளாக உண்டு. அந்த மேசைக்கு இப்படி ஒரு பதிவு போனால், பழி மொத்தமும் அன்று ஷிஃப்டில் இருந்தவர் தலையில் விழும், அல்லது யார் தலையிலும் விழாமல் காற்றில் கரையும். நேர்மையாக வேலை பார்த்த சிஸ்டருக்கு இரண்டுமே அநியாயம்.

பாஸ்வேர்டைப் பகிர்ந்துகொள்வது ஒழுக்கக்கேடு என்று சுற்றறிக்கை அனுப்புவது சுலபம். மருத்துவமனை ஊழியர்கள் 299 பேரிடம் கேட்டு 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், 73.6 சதவீதம் பேர் அடுத்தவர் பாஸ்வேர்டில் நுழைந்ததை ஒப்புக்கொண்டார்கள். மேற்படிப்புப் பயிற்சி டாக்டர்கள் ஒருவர் விடாமல் அத்தனை பேரும் ஒப்புக்கொண்டார்கள். காரணங்களைப் படித்தால் கோபம் ஊழியர்கள் மேல் வராது: பலருக்குச் சொந்த யூசர் பெயரே கொடுக்கப்படவில்லை, கொடுத்தவர்களுக்கும் வேலை செய்யப் போதுமான அனுமதி இல்லை. நம் ஊரில் இது இன்னும் பழக்கமான கதை. 2015 முதல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியாக ஒப்பந்தச் செவிலியர்கள் ஆயிரக்கணக்கில் எடுக்கப்பட்டார்கள். இன்று இந்த ஊர், அடுத்த மாதம் டெபுடேஷனில் வேறு ஊர். அவர் பெயரில் ஒரு லாகின் திறந்து வருவதற்குள் அவரே மாறுதலாகிப் போயிருப்பார். பக்கத்து சிஸ்டரின் நான்கு இலக்கத்தை வாங்காமல் அவர் என்ன செய்வார்?

இங்கிலாந்தின் சவுத் வார்விக்‌ஷயரில் 2007-இல் நடந்தது இன்னும் சுவாரசியம். அங்கே ஒவ்வொரு ஊழியருக்கும் தனி ஸ்மார்ட் கார்டு கொடுத்திருந்தார்கள். சட்டப்படி எல்லாம் பக்கா. ஆனால் கார்டைச் செருகி உள்ளே நுழைய 60 முதல் 90 வினாடி ஆனது. அவசர சிகிச்சைப் பிரிவில் ஒன்றரை நிமிடம் என்றால் என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் மருத்துவமனை நிர்வாகமே, ஷிஃப்ட் முழுக்க ஒருவர் கார்டிலேயே எல்லோரும் வேலை பார்க்கட்டும் என்று அனுமதித்துவிட்டது. பூட்டு திறக்க நேரமானால் மனிதன் கதவைத் திறந்தே போட்டுவிடுவான். லண்டனானாலும் லால்குடியானாலும் இதுதான்.

விரல்ரேகை வைத்துவிட்டால் தீர்ந்ததா? ரேஷன் கடை வரிசையில் நின்று பார்த்தவர்களுக்கு விடை தெரியும். நாற்று நட்டு, களை பறித்துத் தேய்ந்த கையை எந்திரம் மூன்று முறை திருப்பி அனுப்பும். வார்டில் சானிடைசர் போட்டுப் போட்டு உலர்ந்த விரலும் கையுறை மாட்டிய விரலும் அதே கதிக்குத்தான் ஆளாகும். முகம் காட்டித் திறக்கலாமென்றால் மாஸ்க். வெளிநாட்டு மருத்துவமனைகள் பல இதற்குக் கண்ட வழி எளிமையானது. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைப் போனின் முதுகில் ஒரு தட்டு தட்டினால், அவர் பெயரில் திறக்கும். ஷிஃப்டின் தொடக்கத்தில் ஒரே ஒரு முறை பின் நம்பர் போட்டால் போதும், அதற்குப் பிறகு தட்டுதான். வேறொருவர் அட்டையைத் தட்டினால் முந்தையவர் தானாக வெளியேறுவார், அவர் எடுத்த படங்களும் திறந்துவைத்த பக்கங்களும் அடுத்தவர் கண்ணில் படாது. கொஞ்ச நேரம் தொடாமல் கிடந்தால் தானே பூட்டிக்கொள்ளும். போனில் சினிமா, கேம், கேலரி எதுவும் இருக்காது. வேலைக்கான ஐந்தாறு செயலிகள் மட்டும். இப்படிப் பூட்டிவைக்கும் வசதி சாதாரண ஆண்ட்ராய்டு போனிலேயே உண்டு. தொலைந்தால் மத்திய அலுவலகத்திலிருந்து உள்ளே இருப்பதை அழித்துவிடலாம். இவ்வளவும் நாசா விஞ்ஞானமில்லை, ஆண்டுச் சந்தா கட்டி வாங்கும் மென்பொருள். சந்தா கட்ட வேண்டும் என்பதுதான் நம் டெண்டர்களுக்குப் புரியாத பாகம்.

அரசுக் கொள்முதலில் பொருள் வாங்கத் தலைப்பு உண்டு. வாங்கியதை ஓட்டுவதற்குத் தலைப்பு தேட வேண்டும். டேட்டா ரீசார்ஜ், உடைந்த ஸ்கிரீன், உப்பிப்போன பேட்டரி ஆகியவற்றுக்கு யார் பணம் தருவது? 2021 ஆகஸ்டில் மகாராஷ்டிரத்து அங்கன்வாடி ஊழியர்கள் அரசு கொடுத்த போன்களைக் கூடை கூடையாகத் திருப்பிக் கொடுத்துப் போராடினார்கள். நினைவகம் போதவில்லை, சூடாகிறது, அடிக்கடி நிற்கிறது, பழுது பார்க்கும் செலவு எங்கள் தலையில் என்பது அவர்கள் முறையீடு. இலவசமாக வந்த பொருளை ஏழை ஊழியர்கள் வேண்டாம் என்று எறிவதற்கு எவ்வளவு நொந்திருக்க வேண்டும் என்று யோசிக்கலாம்.

நொந்து எறியாவிட்டால் இன்னொன்று நடக்கும். பொருள் பீரோவுக்குள் போய்விடும். ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஒருவர் பெயரில் ஏற்றியிருப்பார்கள். உடைந்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்ற பயம் எந்த அரசு ஊழியருக்கும் உண்டு. அதனால் போன் கவரோடு பீரோவில் பத்திரமாக இருக்கும். சாவி, மாலை 5 மணிக்குக் கிளம்பிவிட்ட ஒருவர் கைப்பையில் இருக்கும். ஆடிட் வரும்போது காட்டலாம். ராத்திரி 2 மணிக்கு வலிப்போடு வரும் கர்ப்பிணிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. சாவியை வைத்துக்கொண்டு ஷட்டரைத் திறக்கவே திறக்காத லஸ்கரை யாரும் பார்த்ததில்லை. அதைச் சாதித்தது நம் ஸ்டாக் ரிஜிஸ்டர்.

பகிர்ந்து பயன்படுத்துவது மருத்துவமனைக்குப் புதிதும் அல்ல. கிராம சுகாதார நிலையங்களில் சி.யு.ஜி. சிம் பல ஆண்டுகளாகப் பதவியோடுதான் போகிறது, ஆளோடு அல்ல. பிரிட்டனில் அதே வேலையைப் பேஜர் செய்தது. நோயாளியின் இதயம் நின்றால் ஓடிவர வேண்டிய டாக்டரிடம் ஒரு பேஜர் இருக்கும், ஷிஃப்ட் முடிந்ததும் அடுத்தவர் கையில் அதைக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக முடியும். 2019-இல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சர், பிரிட்டன் பொது மருத்துவமனைகளில் இருந்த சுமார் 1,30,000 பேஜர்களை 2021 இறுதிக்குள் ஒழிக்கச் சொன்னார். அரதப் பழசு என்றார். அது சரிதான். ஆனால் அந்தப் பழசிடம் ஒரு குணம் இருந்தது: அது யார் இடுப்பில் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு. அந்தச் சின்ன டப்பா கற்றுக்கொடுத்ததை ஸ்மார்ட் போன் வந்ததும் மறந்துவிட்டார்கள்.

தஞ்சாவூருக்குப் பதிவேடுகளைப் பற்றிப் பாடம் எடுக்க வெளியாள் தேவையில்லை. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி ‘தன்வந்திரி மகால்’ நடத்தினார். அவர் காலத்துக் கண் நோயாளிகளின் கேஸ் ஷீட்டுகள் சரஸ்வதி மகால் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. நோயுற்ற கண்ணை வண்ணத்தில் வரைந்து, பக்கத்தில் சிகிச்சை விவரம் எழுதியிருக்கிறார்கள். கேமரா இல்லாத காலத்தில் படத்தோடு கூடிய மருத்துவப் பதிவு! இருநூறு ஆண்டு கழித்தும் கண் மருத்துவர்கள் அதை எடுத்து ஆராய்ந்து கட்டுரை எழுத முடிகிறது. இன்று ஒரு வார்டு போனில் எடுத்த படம் அடுத்த போன் மாறும்வரை இருக்குமா என்பதே சந்தேகம். உள்நோயாளி ஆவணங்களை மூன்று ஆண்டு காக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகள் சொல்கின்றன. அந்த ஆவணத்தில் ஒரு துண்டு கேஸ் ஷீட்டிலும், ஒரு துண்டு செயலியிலும், ஒரு துண்டு மாறுதலாகிப் போன சிஸ்டரின் வாட்ஸ்அப்பிலும் கிடந்தால் எதைத் திரட்டிக் கொடுப்பது? 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். சட்டம் எப்போதும் முந்திக்கொள்கிறது, டிராயரின் பூட்டுதான் பின்தங்கிவிடுகிறது.

சுத்தம் பற்றி ஒரு வார்த்தை. நோயாளியைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் கை கழுவச் சொல்லிப் பயிற்சி கொடுக்கிறோம். கழுவிய கை நேராகப் போனைத் தொடுகிறது. அந்தப் போன் ஒரு நாளில் முப்பது பெட்டைச் சுற்றி வந்திருக்கும். 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் துணியால் துடைக்கலாமென்று ஆப்பிள் நிறுவனமே 2020 மார்ச்சில், கோவிட் பரவத் தொடங்கியபோது, அறிவித்தது. துணியால் துடைத்தால் போதும், ஸ்பிரே அடித்து நனைக்கக்கூடாது. துணி உறைக்கும் பூப்போட்ட ஃபிளிப் கவருக்கும் வார்டில் வேலை இல்லை. ஷிஃப்ட் ஒப்படைக்கும்போது துடைத்துக் கொடு என்ற ஒரே வரி போதும்.

இனி டெல்டாவுக்கே உரிய விஷயம். 2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, முத்துப்பேட்டைப் பக்கம் தென்னை சாய்ந்ததோடு மின்கம்பங்களும் வரிசையாகச் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. செல்போன் கோபுரங்கள் மௌனமாகின. கையில் இருந்த ஸ்மார்ட் போன் வெறும் டார்ச் லைட்டானது, சார்ஜ் இருந்த வரைக்கும். ஜெனரேட்டர் வைத்திருந்தவர் வீட்டு வாசலில் போனைச் சார்ஜ் போட வரிசை நின்ற ஊர்கள் உண்டு.

இப்படிப்பட்ட பூமியில் எப்போதும் நெட் இருக்கும் என்று நம்பி எழுதிய செயலி ஆகாது. சிக்னல் இல்லாதபோதும் பதிவை உள்ளே வாங்கி, கிடைத்ததும் ஏற்ற வேண்டும். எழுதிய நேரம் எது, ஏறிய நேரம் எது என்று தனித்தனியே காட்ட வேண்டும். இல்லாவிட்டால் 11.40-க்குப் பார்த்த பி.பி. மறுநாள் காலை 6 மணிக்குப் பார்த்ததாக நிற்கும், தணிக்கையில் அந்தச் சிஸ்டர் கூண்டிலேறுவார். எல்லாம் நின்றுபோனால் எடுத்து எழுத அச்சடித்த தாள் கட்டு ஒன்று வார்டில் இருக்க வேண்டும். தாள் என்றதும் முகம் சுளிப்பவர்கள் டெல்லி எய்ம்ஸை நினைத்துக்கொள்ளலாம். 2022 நவம்பர் 23 அன்று அதன் சர்வர்கள் இணையத் தாக்குதலில் முடங்கின. நாட்டின் முதல் மருத்துவமனை ஏறக்குறைய இரண்டு வாரம் கையால் எழுதித்தான் ஓடியது.

சரி, வார்டு போனுக்கு லஸ்கர் யார்? புதிதாக ஒரு பணியிடம் கேட்டால் கோப்பு நிதித்துறையில் உறங்கும். இருப்பதிலேயே வழி இருக்கிறது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் வந்தபோது, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்து மருந்தை எடுக்கும் கணக்கை ஒழுங்குக்குக் கொண்டுவந்தது. ஒரு பாரசிட்டமால் அட்டைக்கு இருக்கும் வரலாறு பத்தாயிரம் ரூபாய் போனுக்கு இல்லை என்பது விநோதம்தான். வெண்டிலேட்டரையும் மானிட்டரையும் பார்த்துக்கொள்ளும் பயோமெடிக்கல் பொறியாளரின் பட்டியலில் வார்டு போனும் சேரட்டும். பேட்டரிக்கும் ஸ்கிரீனுக்கும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் இருக்கட்டும், வேலை நேரத்தில் கைதவறி உடைந்தால் ஊழியரிடம் பிடித்தம் இல்லை என்று எழுத்தில் வரட்டும். இந்த ஒரு வரி வந்துவிட்டால் பீரோ தானாகத் திறக்கும். வார்டுக்குள் பொறுப்பு ஷிஃப்ட் இன்சார்ஜுடையது. ஆம்ப்யூலோடு சேர்த்து அவர் ஒப்படைக்க வேண்டியது நாலு விஷயம்: எத்தனை போன், சார்ஜ் எவ்வளவு, துடைத்தாயிற்றா, எது ரிப்பேர். ஓவர் நோட்டில் அரை வரி. புதிதாக வரும் ஒப்பந்தச் செவிலியருக்குச் சேரும் நாளிலேயே அட்டையும் லாகினும், விலகும் நாளிலேயே ரத்து.

அப்புறம் சார்ஜர். வார்டுச் சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டில் ஒன்று நெபுலைசருக்குப் போய்விடும். மற்றதில் நோயாளியோடு வந்த மாமியார், கொழுந்தன், பக்கத்துப் பெட் அத்தை ஆகியோரின் போன்கள் கொத்தாகத் தொங்கும். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது, ஊரிலிருந்து போன் வந்தபடி இருக்கும். அதனால் டியூட்டி ரூமில் பூட்டு போட்ட சின்ன அலமாரி ஒன்று, உள்ளே எண் போட்ட ஐந்து சார்ஜிங் பாயின்ட். மூன்றாம் எண் காலியாக இருந்தால் மூன்றாம் போன் வெளியே இருக்கிறது என்று கதவைத் திறந்ததும் தெரியும். எலெக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை. ஆனால் அரசு மருத்துவமனைச் சுவரில் ஒரு வயர் இழுக்கவும் பொதுப்பணித்துறை எஸ்டிமேட் போட வேண்டும். 2021-இல் நீர்வளத்துறை தனியாகப் பிரியும்வரை லஸ்கர்களும் அந்தப் பொதுப்பணித்துறையின் ஆட்கள்தான். ஷட்டருக்குச் சாவி கொடுத்த இலாகாவின் மேசையில்தான் சார்ஜர் அலமாரிக்கான கடிதமும் போய் விழ வேண்டும்.